எட்டாம் நம்பர் கம்ப்யூட்டர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். என் மாமியார் ரஹ்மத் பீவி சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம். வந்த வேகத்தில் போயும்விடும்தான். ஆனால் அதற்குள் நான் பேசிவிடுகிற பேச்சு இருக்கிறதே, அதை அப்புறம் அள்ள முடியாது.

என் பெயர் சுஹைனா. விருத்தாசலத்தில் பாலக்கரைப் பக்கம் வீடு. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த வருஷமே கல்யாணம். கல்யாணமான நாலாம் மாதம் என் வீட்டுக்காரர் சஹீர் ஷார்ஜாவுக்குப் போனார், தண்ணீர் வண்டி டிரைவராக. ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. நடுநடுவே லீவில் வருவார், போவார். எங்கள் மகள் நஸ்ரினுக்கு இப்போது ஏழு வயது.

போன வருஷம் நஸ்ரினை ஒன்றாம் வகுப்பில் விட்டுவிட்டு வந்த அன்று பத்து மணிக்கே எனக்கு வேலை தீர்ந்துபோனது. பீரோவைத் திறந்தேன். டிகிரி சர்டிபிகேட் புடவைக்கு அடியில் கிடந்தது. பார்த்ததும் வயிற்றெரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலோடேயே கிளம்பிப்போய், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நெட்வொர்க்கிங் படிப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று மாத கோர்ஸ். வகுப்பில் இருந்தவர்கள் எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். முதல் நாளே என்னை அக்கா ஆக்கிவிட்டார்கள்.

கேபிளின் முனையில் ஒயர்களைச் செருகும் வரிசையை நான் சோறு வடிக்கும்போது மனப்பாடம் செய்தேன். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம் என்று நான் முணுமுணுப்பதைக் கேட்டு மாமியார், "என்ன ஓதற நீ?" என்றார். படிப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரை எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறது என்பதுதான் மொத்தப் படிப்புமே. ஒரே நெட்வொர்க்கில் இருக்கிற ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு ஐ.பி. நம்பர் உண்டு. அது நாம் கொடுப்பது, மாற்றலாம். அது தவிர, தயாரித்த இடத்திலேயே பதித்து அனுப்புகிற மேக் அட்ரஸ் என்று ஒரு அடையாளம் உண்டு. அதில் நாம் கை வைப்பதில்லை. எங்களுக்குப் பாடம் எடுத்த தேவநாதன் சார், எதுவும் வேலை செய்யவில்லை என்றால் முதலில் கேபிளைப் பார், அப்புறம் மற்றதைப் பார் என்பார். கேபிளில் நான் புலி.

அந்த தைரியத்தில்தான் செராமிக் எஸ்டேட்டில் கலியமூர்த்தி சாரின் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனேன். பீங்கானில் பியூஸ் கேரியரும் பொம்மையும் செய்கிற கம்பெனி. அறுபது பேர் வேலை செய்கிறார்கள். ஆபீஸில் பன்னிரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் பில் போட்டால் இன்னொன்றில் தெரியாது, பிரிண்டர் ஒரு நாள் வரும் ஒரு நாள் வராது, இப்படி இருந்தது. முதலாளி என் சர்டிபிகேட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"மூணு மாசக் கோர்ஸு. எங்கயாச்சும் வேல பாத்திருக்கியாம்மா?"

"இல்லீங்க சார். இதான் மொதல்ல."

"சரி. ஒரு மாசம் பாரு. மே இருவத்தஞ்சாந்தேதி சொல்றேன். சரியா வரலன்னா கடலூர்ல ஒரு ஏஜென்சி இருக்குது, அவங்ககிட்ட மொத்தமா குடுத்துடுவேன்."

நான் வேலையில் சேர்ந்த அதே வாரம் சஹீர் லீவில் வந்தார். வந்த இரண்டாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, "இந்தவாட்டி திரும்பிப் போவ மனசே இல்ல சுஹைனா" என்றார். ஒன்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. திட்டக்குடியில் அவருடைய மாமா ரசூலுக்கு ஹார்டுவேர் கடை இருக்கிறது. கூட நின்று பார்க்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். அந்த வருமானத்தை மட்டும் நம்பிக் குடும்பம் ஓடாது. என் சம்பளமும் சேர்ந்தால் ஓடும். சஹீர் நிதானமாக யோசிக்கிற மனுஷர்.

"உனக்கு வேல உறுதின்னு ஆச்சுன்னா நான் இருந்துடறேன். இல்லேன்னா முப்பதாந்தேதி ப்ளைட்டு ஏறிடறேன். இருவத்தஞ்சுக்குள்ள மேனேஜருக்குச் சொல்லியாவணும். அதுக்கு மேல எடம் போயிடும், வேற ஆள எடுத்துடுவாங்க" என்றார்.

ஆக, எல்லாம் அந்த ஒரு தேதியில் வந்து நின்றது.

முதல் வாரம் நான் பார்த்த வேலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எலி கடித்த கேபிளை எல்லாம் மாற்றினேன். பீங்கான் மாவுத் தூசி உள்ளே போகாதபடி எல்லாக் கேபிளும் வந்து சேர்கிற ஸ்விட்ச் பெட்டியைச் சுவரில் உயர ஏற்றினேன். பழைய ரவுட்டர் தினம் ஒரு நம்பரை வாரிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு மெஷினுக்கும் நானே நிலையான நம்பர் கொடுத்தேன். கடைசி எண்ணை மட்டும் சொல்கிறேன். ரவுட்டர் ஒன்று, பில் எல்லாம் சேர்கிற பெரிய மெஷின் இரண்டு, பில் போடுகிற கனிமொழியின் மெஷின் மூன்று, ஆள் வருகைப் பதிவு நான்கு, பிரிண்டர் ஐந்து, முதலாளி ஆறு, கோடவுன் ஏழு, கணக்கு எழுதுகிற கோவிந்தசாமி சார் எட்டு. இப்படியே பதினைந்து வரை. அழகாகப் பட்டியல் டைப் செய்து, ஒரு பிரதியைச் சுவரில் ஒட்டினேன். ஒவ்வொன்றின் மேக் அட்ரஸையும் என் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

கோவிந்தசாமி சாருக்கு ஐம்பத்தேழு வயது. நல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். ஆபீஸுக்கு முதல் ஆளாக வந்து, நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்துவிடுவார். அவர் மெஷினுக்கு நம்பர் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நானும் சும்மா இருப்பேனா? படித்ததைப் பேச ஆள் கிடைத்தால் எனக்கு வாய் ஓயாது. "இங்க கிளிக் பண்ணணும் சார், அப்புறம் இங்க, இந்தக் கட்டத்துல நம்பரப் போட்டு ஓகே குடுத்தா முடிஞ்சுது, பாத்தீங்களா" என்று விளக்கிக்கொண்டே போட்டேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "எனக்கு எட்டாம்மா?" என்றார். "ஆமாங்க சார், எட்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விட்டேன்.

ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. முதலாளி ஒரு தடவை என்னைப் பார்த்துத் தலையாட்டக்கூடச் செய்தார். அதற்கடுத்த வாரம் பிடித்தது சனி.

"அக்கா, பில்லு வரலக்கா!" என்று கனிமொழி கத்தினாள். பிரிண்டர் சும்மா நிற்கிறது. போய்ப் பார்த்தால் பச்சை விளக்கு எரிகிறது, பேப்பர் இருக்கிறது, மை இருக்கிறது. அணைத்துப் போட்டால் நாலு பில் வரும். ஐந்தாவது வராது. வெளியே சரக்கு ஏற்றிய லாரி நிற்கும். பில் கையில் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டக்கூடாது. டிரைவர் ஹாரனை அழுத்துவான். முதலாளி கேபின் கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பார்.

கேபிளை மாற்றினேன். முனையை வெட்டிவிட்டுப் புதிதாகப் போட்டேன். ஸ்விட்சில் வேறு துளையில் செருகினேன். பிரிண்டரையே தூக்கி வேறு மேஜையில் வைத்தேன். தேதி, மணி எல்லாம் எழுதி வைத்தேன். சில நாள் காலையிலேயே படுத்துவிடும், சில நாள் சாயங்காலம் வரை ஒரு குறையும் இருக்காது. பிரிண்டருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றாள் கனிமொழி. எனக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் தோன்றியது. என் பட்டியலை மட்டும் நான் சந்தேகப்படவே இல்லை. நான் போட்டது அல்லவா!

இருபத்துமூன்றாம் தேதி முதலாளி கூப்பிட்டார். "ஏஜென்சிக்காரர நாளன்னிக்கி மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்கேம்மா. நீயும் பாரு. தப்பா நெனச்சுக்காத" என்றார். குரலில் கடுமை இல்லை. கடுமையாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு வந்திருப்பேன். இப்படிச் சொன்னவரிடம் என்ன பேச?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் டீயை வைத்துக்கொண்டு வாசலில் பட்டியலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சஹீர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தார்.

"ஏன் சுஹைனா, இதுல எழுநூத்தி எண்பத்தாறு யாருக்குமே குடுக்கலியா?"

"எரநூத்தி அம்பத்துநாலுக்கு மேல ஏறாதுங்க. வண்டிக்கு வாங்கின மாதிரி இதுக்கெல்லாம் வாங்க முடியாது."

எங்கள் வண்டி நம்பர் 0786. பிஸ்மில்லாஹ்வுக்கு உரிய அந்த எண்ணுக்காக அவர் இரண்டு மாதம் வண்டியை எடுக்காமல் காத்திருந்தார். அவர் சிரித்துவிட்டு, "இத யாரும் மாத்திட மாட்டாங்களா?" என்றார்.

"யாருங்க மாத்துவா? அவங்களுக்கு என்ன தெரியும்? உங்க வேலயப் பாருங்க" என்று சிடுசிடுத்தேன். அவர் துணியைப் பிழிந்துகொண்டு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஐந்து நிமிஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. எல்லா மெஷினிலும் செட்டிங்ஸை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். நான் பாஸ்வேர்டே போடவில்லை.

இருபத்தைந்தாம் தேதி காலை நான் போனபோது ஆபீஸில் கோவிந்தசாமி சார் மட்டும்தான் இருந்தார். அவர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிரிண்டரைப் போட்டேன். கனிமொழியின் மெஷினில் உட்கார்ந்து, ஐந்தாம் நம்பரில் இப்போது பதில் சொல்வது யார் என்று கேட்கிற கட்டளையைத் தட்டினேன். ஒரு மேக் அட்ரஸ் வந்தது. நோட்டைப் பிரித்தேன். அது பிரிண்டருடையது இல்லை. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினேன். எட்டாம் நம்பருக்கு நேரே வந்து விரல் நின்றது.

எழுந்தேன். நேரே கணக்கு அறைக்குள் போனேன்.

"சார், உங்க மெஷின் நம்பர் என்ன?"

அவர் பேனா நின்றது. "நீதானம்மா போட்டுக் குடுத்த."

"நான் போட்டது எட்டு. இப்ப அஞ்சு இருக்குது. பிரிண்டரும் அஞ்சு, நீங்களும் அஞ்சு. யாரு முந்திக்கிறீங்களோ அவங்களுக்குப் பில்லு போவுது. உங்க மெஷினுக்கு வர்ற பில்லு எங்க சார் அச்சாவும்?"

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எட்டு சனியோட நம்பரும்மா. எட்டாந்தேதிதான் பழைய கம்பெனியில என்ன நிறுத்துனாங்க. இங்கயும் எல்லாம் கம்ப்யூட்டர் ஆயிட்டா ஆளு கொறையும்னு மொதலாளி பேசிக்கிட்டே இருக்காரு. அந்த நேரம் பாத்து எனக்கு எட்டு வந்து வுழுது. சோறு எறங்கலம்மா எனக்கு. நீ சொல்லிக் குடுத்த மாரியே கிளிக் பண்ணி மாத்திட்டேன்."

ஒரு தடவை சொன்னதிலேயே பிடித்துக்கொண்டிருக்கிறார் பாருங்கள்! எங்கள் சென்டரில் இருந்த பிள்ளைகளுக்கு மூன்று தடவை சொல்லவேண்டும்.

"அப்ப ஏன் சார் அஞ்சு? பதினாறு எடுத்திருக்கக் கூடாதா? காலியா கெடக்குது."

"நம்ம பழமலைநாதர் கோயில்ல எல்லாமே அஞ்சுதான. அஞ்சு கோபுரம், அஞ்சு தீர்த்தம். அதான் அஞ்சு. பிரிண்டருக்கு எதுக்கும்மா ராசி? அது வேற ஜாமான், இது வேற ஜாமான். பஸ்ஸுக்கும் அஞ்சாம் நம்பர் இருக்குது, வூட்டுக்கும் அஞ்சாம் நம்பர் இருக்குது, ரெண்டும் சண்டையா போட்டுக்குது?"

"கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே வரலியா சார்? எச்சரிக்கை மாதிரி?"

"சில நாள் ஏதோ இங்கிலீஷ்ல ஒரு பொட்டி வரும். மூடிடுவேன்."

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"உங்களுக்கு அது ஒரு நம்பரு சார். எனக்கு அது என் வூட்டுக்காரரு! இந்த வேல நெலச்சா அவரு இங்க இருப்பாரு. இல்லேன்னா முப்பதாந்தேதி ப்ளைட்டு. எம்பொண்ணு ஒம்போது வருஷமா, இல்ல, பொறந்ததுலேர்ந்து போன்லதான் அப்பாவ 'அத்தா'ங்கிறா. ரெண்டு வாரமா நான் கேபிளக் கடிச்சித் துப்பாத கொறையா அலையறேன். நீங்க பாத்துக்கிட்டுதான இருந்தீங்க?"

"பிரிண்டரு கெட்டுப்போச்சுன்னு நெனச்சேம்மா. என்னாலதான்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார். நான் அவர் மெஷினின் கேபிளைப் பிடுங்கிவிட்டு வெளியே வந்தேன்.

கனிமொழி வந்ததும் பழைய பில் இருபதைத் திரும்ப அடிக்கச் சொன்னேன். இருபதும் வந்தது. குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினேன். தண்ணீர் பட்டதும் கோபம் இறங்கியது, இறங்கினால் எனக்கு எப்போதும் நடப்பது நடந்தது. அடுத்தவர் பக்கம் தெரிய ஆரம்பித்துவிட்டது. அவருக்கு வழி காட்டியது யார்? நான். கதவைப் பூட்டாமல் விட்டது யார்? நான். "எனக்கு எட்டாம்மா?" என்று அந்த மனுஷர் கேட்டபோது நின்று ஒரு வார்த்தை பேசாமல் போனது யார்? 0786 வண்டியில் வந்து இறங்குகிறவள், எட்டைப் பார்த்துப் பயப்படுகிறவரிடம் கத்தலாமா? ஐம்பத்தேழு வயதில் இவரை வெளியே அனுப்பினால் யார் வேலை கொடுப்பார்கள் என்றும் நினைத்தேன். அதே சமயம், முதலாளியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னால் என் வேலை தப்பும் என்றும் நினைத்தேன். இரண்டையும் நினைத்துக்கொண்டேதான் கேபினுக்குப் போனேன்.

முதலாளி ஒரு பியூஸ் கேரியரை வெளிச்சத்தில் பிடித்து மெருகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டுபுடிச்சிட்டேங்க சார். ரெண்டு மெஷினுக்கு ஒரே நம்பரு. இப்ப பிரிண்டர் சரியா ஓடுது."

"நம்பர் போட்டது நீதானம்மா?"

"ஆமாங்க சார்."

"அப்ப ரெண்டு வாரமா என் லாரி நின்னது ஒன்னாலதான்?"

பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒரு மூச்சு விட்டேன்.

"செட்டிங்ஸுக்குப் பாஸ்வேர்டு போடாம வுட்டுட்டேங்க சார். யாரு வேணா மாத்தலாங்கற மாதிரி வெச்சிருந்தேன். என் தப்புதான்."

"மாத்துனது யாரு?"

"பாஸ்வேர்டு போடாதது நானுங்க சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பியூஸ் கேரியரை மேஜையில் வைத்தார். "சரி. ஏஜென்சிக்காரர் வரட்டும். நீ போம்மா" என்றார்.

வெளியே வந்து சுவரோரம் நின்றேன். போனை எடுத்து, 'வரேன்னு மேனேஜருக்குச் சொல்லிடுங்க' என்று சஹீருக்கு டைப் செய்தேன். அனுப்ப விரல் போகவில்லை. யா அல்லாஹ், ஒரு வாய்க்கொழுப்புக்காரிக்கு இன்றைக்கென்று பார்த்து நல்ல புத்தியைக் கொடுத்துவிட்டாயே என்று அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் கோவிந்தசாமி சார் என்னைத் தாண்டிக் கேபினுக்குள் போகிறார். செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டுப் போனார். கதவு திறந்தே இருந்தது.

"மொதலாளி, அஞ்ச எடுத்துக்கிட்டது நானு. எட்டு எனக்கு ஆவாதுன்னு மாத்திட்டேன். அது பிரிண்டர் நம்பருன்னு தெரிஞ்சும் ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சிட்டேன். அந்தப் பொண்ணுக்குத் தெரியும், என்னக் காட்டிக் குடுக்கல. எட்டயே போட்டுக் குடுக்கச் சொல்லுங்க. நான் வெச்சுக்கறேன்."

வெளியே கனிமொழி தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"ஏம்மா, இங்க வா" என்றார் முதலாளி. போனேன்.

"என் மெஷினுக்கு என்ன நம்பரு?"

"ஆறுங்க சார்."

"ஆறா!" என்று நாற்காலியில் நிமிர்ந்தார். "எனக்கு ஒம்போதும்மா. காரு நம்பரு, போன் நம்பரு, ஷெட்டு நம்பரு, எதக் கூட்டினாலும் ஒம்போதுதான் வரும். ஒரு மாசமா என்ன ஆறுலயா ஒக்கார வெச்சிருக்க?"

கோபமா விளையாட்டா என்று எனக்குப் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் உண்மையாகவே கவலைப்படுகிறார். சட்டென்று எனக்கு மனசு லேசாகிவிட்டது.

"எடம் நெறைய இருக்குதுங்க சார். எரநூத்தி அம்பத்துநாலு வரைக்கும் குடுக்கலாம். பதினெட்டு, இருவத்தேழு, முப்பத்தாறு, எதக் கூட்டினாலும் ஒம்போதுதான். எது வேணும்னு சொல்லுங்க."

"இருவத்தேழு" என்றார், யோசிக்காமல்.

"கோவிந்தசாமி சார், உங்களுக்கு இருவத்திமூணு."

அவர் விரலை மடக்கி, "ரெண்டும் மூணும்..." என்று கூட்டினார். முகத்தில் விபூதியோடு சேர்ந்து அத்தனை வரியும் விரிந்தது.

"கோவிந்தசாமி" என்றார் முதலாளி. "ஆளு கொறையும்னு நான் சொன்னது கோடவுன்ல கூலிக்கு எடுக்கறவங்கள. ஒன்ன அனுப்பிட்டு இந்தப் பேரேட்ட நானா எழுதுவேன்? எதுனா வேணும்னா இனிமே வாயத் தெறந்து கேளு."

அதற்குள் செய்தி சூளை வரைக்கும் போய்விட்டது. ஆறு காலியாகிவிட்டதாமே, முருகனுக்கு உகந்த நம்பர், எங்கள் மெஷினுக்குக் கொடு என்று சூளை சூப்பர்வைசர் வந்து நின்றார். கனிமொழி ஜோசியருக்குப் போன் போட்டுவிட்டு, தன் மூன்றே போதும் என்றாள். கோடவுன்காரர் ஏழு வேண்டாம், இருபத்தொன்று கொடு என்றார். மத்தியானம் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுப் போட்டேன். எட்டை மட்டும் கடைசி வரை யாருமே கேட்கவில்லை. அதை வாசல் கேமராவுக்குக் கொடுத்தேன், அது ஒன்றும் சொல்லவில்லை. எல்லா மெஷினுக்கும் பாஸ்வேர்டு போட்டு, ஒரு கவரில் எழுதி ஒட்டி முதலாளியிடம் கொடுத்தேன்.

மூன்று மணிக்கு ஏஜென்சிக்காரர் பையோடு வந்தார். ஸ்விட்சை மாற்ற வேண்டும், கேபிள் முழுக்க மாற்ற வேண்டும் என்று வந்ததுமே ஆரம்பித்தார். அப்போது மூன்றாவது லாரி பில்லோடு கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. முதலாளி, "எல்லாருக்கும் நம்பரு புடிச்சிப்போச்சுங்க. டீ சாப்ட்டுட்டுப் போங்க" என்றார். அந்த மனுஷர் ஒன்றும் புரியாமல் டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

நான் கிளம்பும்போது முதலாளி வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். "ஒண்ணாந்தேதிலேர்ந்து இதுல கையெழுத்துப் போடு. ஒண்ணே ஒண்ணு. இனிமே எதச் செஞ்சாலும் அந்த மெஷின்ல ஒக்கார்றவங்களக் கேட்டுட்டுச் செய்."

"சரிங்க சார்" என்றேன். பதிலுக்கு ஒன்றும் பேசவில்லை. நம்பினால் நம்புங்கள்.

ஐந்தரைக்குக் கேட்டுக்கு வெளியே சஹீர் வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். முகத்தை மட்டும் பார்த்தார்.

"ஒண்ணாந்தேதிலேர்ந்துங்க" என்றேன்.

வண்டியை அணைத்தார். அங்கேயே நின்று மேனேஜருக்குப் போன் போட்டு, பாதி இந்தியும் பாதி அரபியுமாக ஏதோ பேசினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒன்பது வருஷ வேலை அந்த இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ், ஏறு" என்றார்.

ஜங்ஷன் ரோடு தாண்டி, மணிமுத்தாற்றுப் பாலம் வந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை, வெறும் மணல்தான். பாலத்தின் மேல் வேகத்தைக் குறைத்தார்.

"சுஹைனா, மழ பேஞ்சா நம்ம வூடு எங்கயாச்சும் ஒழுவுதா?"

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. அவருக்கு லீவு கிடைப்பதெல்லாம் ஏப்ரல், மே மாதத்தில்தான். அவர் சம்பாதித்து அனுப்பிக் கட்டிய வீடு. அந்த வீட்டில் அவர் இருக்கும்போது ஒரு தடவைகூட மழை பெய்ததில்லை. அடுப்படியில் நான் குண்டான் வைக்காத ஐப்பசி இல்லை. போனில் அதை அவரிடம் சொன்னதே இல்லை.

"அடுப்படி மூலையில ஒழுவுங்க. மாடிப்படிக்கு மேலயும் கொஞ்சம்."

"அப்ப மழைக்கு முன்னாடி ஆள வெச்சு சரி பண்ணிடலாம்."

"வேணாங்க" என்றேன். "மொதல்ல ஒருவாட்டி ஒழுவறத நீங்க கூட இருந்து பாருங்க."

நான் அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு, பாலம் முடிகிற வரைக்கும் அழுதேன்.